பதினேழாம் எண்

வுல்லாங்காங், அக்டோபர்.
கிழக்கு வேலிக்கு அப்பால் கடல்.
குறி தவறிய பந்து சில நாள் அங்கே போய்விடும்,
பந்து பொறுக்கும் பையன்களுக்கு
ஓதம் ஏறும் நேரம் அத்துப்படி.

நான் ஆட்டம் பார்ப்பதில்லை.
கேலரிக்கு அடியில்
மூன்று இயந்திரங்களோடு இருக்கிறேன்.
கூரை அதிர்ந்தால் கோல்.
நமக்கா அவர்களுக்கா என்பதை
அதிர்வின் நீளம் சொல்லிவிடும்.

ஊரில் இந்த வேலைக்கென்று ஒரு சாதி வைத்திருந்தார்கள்.
இங்கே மணிக்கு முப்பத்தொரு டாலர்,
ஞாயிறென்றால் ஒன்றரை மடங்கு.
அம்மாவிடம் போனில்
கால்பந்துக் கிளப்பில் நிர்வாகம் என்றிருக்கிறேன்.
பொய்யில்லை.
புல் கறைக்கு வினிகர்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்,
மறந்தும் சுடுதண்ணீர் கூடாது.

முதல் ஐந்து ஆட்டத்தில் நாலு வெற்றி.
உருக்காலையில் ஷிஃப்ட் முடித்தவர்கள்
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்கள்.
சீருடைப் பொறுப்பாளர் லொரெய்ன்
"இந்த வருஷம்..." என்று தொடங்கிவிட்டு
முடிக்காமல் மேசையைத் தட்டினாள்.

பதினேழாம் எண், கராங் அகோல், பத்தொன்பது வயது.
மற்றவர்கள் சட்டையைக் கூடையில் எறிவார்கள்.
அவன் உட்புறத்தை வெளியே திருப்பி
மடித்து வைப்பான்.
எழுத்து உரியாமலிருக்க அப்படித்தான் செய்ய வேண்டும்.
யார் சொன்னது என்று கேட்டேன்.
"வீட்டில் ஏழு பேர், ஒரு மெஷின்" என்றான்.

டிசம்பரில் நாற்பத்தொரு டிகிரி.
முதுகெல்லாம் உப்பளம்.
வரிசையாக ஐந்து தோல்வி.
ஹிசாஷியின் முழங்கால் போயிற்று.
சம்பளம் ஒன்பது நாள் தள்ளி வந்தது.
சோப்புத் தூள் மலிவான சரக்குக்கு மாறியதை
பேப்பர்காரர்கள் எழுதவில்லை,
என் விரலிடுக்குகள் கண்டுபிடித்தன.

ஜனவரியில் ஜன்னல் திறக்கிறது என்பார்கள்,
ஆட்களை விற்கும் மாதம்.
அந்த ஜன்னல் வழியாகக் கராங் டென்மார்க் போனான்.
கடைசியாக மடித்து வைத்த சட்டையை
ஒரு நாள் துவைக்காமல் விட்டேன்.
பெரிதாக ஒன்றுமில்லை,
நாற்றம் அடிக்கத்தான் செய்தது.

புதுச் சட்டைக்குக் காசில்லை.
ஹேர் டிரையரால் சூடாக்கி
அவன் பெயரை உரித்தேன்.
ஓ எளிதாக வந்தது.
கே மல்லுக்கு நின்றது.
அதே இடத்தில் டொஹர்ட்டி என்று
இஸ்திரி போட்டு ஒட்டினேன்.

பிப்ரவரி, மார்ச். மழை. சேறு.
கூரை அதிர்ந்தபோதெல்லாம் சின்ன அதிர்வு.
பயிற்சியாளரை அனுப்பினார்கள்,
அவர் கோட்டு இன்னும் என் கொடியில் தொங்குகிறது.

கடைசி இடத்துக்கு இந்த நாட்டில் மரக்கரண்டி என்று பெயர்.
லொரெய்னிடம் சொன்னேன்,
நாங்கள் அகப்பை என்போம்,
சட்டியில் இருந்தால்தான் அதில் வரும் என்று.
சிரித்தாள்.
துணியை உதறிக்கொண்டே கேட்டாள்:
"சட்டியை விற்றது யார்?"

ஏப்ரல். கடைசி ஆட்டம்.
ஒரு தடவையாவது பார் என்று
கையைப் பிடித்து மேலே இழுத்துப் போனாள்.
இரண்டாயிரம் பேர் இருந்தால் அதிகம்.
கடல் நான் நினைத்ததைவிடப் பக்கத்தில்.
டொஹர்ட்டி எங்கள் முன்னால் கோட்டோரம் ஓடினான்.
விளக்கு வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது
அவன் பெயருக்கு அடியில்
நாலெழுத்துப் பசை மினுங்கியது.
வேறு யாருக்காவது தெரிந்ததா, தெரியாது.
அவன் உதைத்த பந்து வேலி தாண்டிற்று.
பையன் ஒருவன் வலையோடு ஓடினான்.

மூன்றுக்கு ஒன்று.
அந்த ஒன்று நம்முடையது.
வுகெலிச் தலையால் முட்டினான், எல்லோரும் எழுந்தோம்,
என் காலும் பலகையை உதைத்தது.
கீழே
மூன்று இயந்திரங்கள் மட்டும் அதைக் கேட்டிருக்கும்.

இரவு பதினொன்றரை.
கூடையில் பதினேழு சுருண்டு கிடந்தது,
வெளிப்புறம் வெளியே.
திருப்பிப் போட்டேன்.
முப்பது டிகிரி, மெதுச் சுழற்சி.